ஏழாவது நாற்காலி

ஜூன் 3

அடி குண்டூசி,

நலம்தானே? போன் செய்தால் "ம்", "சரி", "அப்புறம்" என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் கல்லூரி விடுமுறைகளில் எழுதிக்கொண்டதுபோல் பேனாவை எடுத்துவிட்டேன். கடிதம் என்றால் முழு வாக்கியமாவது எழுதித்தானே ஆகவேண்டும்?

ஊர் திரும்பி இத்தனை நாளாகியும் என் கால்வீக்கம் வடியவில்லை. நாங்கள் நாலு பேர், நீங்கள் மூன்று பேர், சுற்றுலா போன அந்த வெளிநாட்டு ஊரை ஒரு வழி பண்ணிவிட்டோம். உன் வீட்டுக்காரர், எங்கள் அண்ணன், வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இதோ வந்துடுச்சு, இதோ வந்துடுச்சு" என்று சுற்றிச் சுற்றி ஒரே பாலத்துக்கே கூட்டிப்போனாரே! உன் மகள் படமெடுத்த புறாக்களெல்லாம் இப்போது என் போனிலும் குடித்தனம் நடத்துகின்றன.

நீயோ, டிராம் ஏறினாலும் இறங்கினாலும் விரலை நீட்டி எங்களை எண்ணிக்கொண்டிருந்தாய். பாலர் வகுப்பு டீச்சருக்குப் பழக்கதோஷம் விடுமா? என் இரட்டைவால்கள் இரண்டும் இன்னமும் வீட்டில் "ஆஜர் டீச்சர்" என்று கத்துகின்றன. அப்படி எண்ணினவளே, சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு நடக்கிற வழியில் தொலைந்துபோனாயே, அதுதான் பயணத்திலேயே எனக்குப் பிடித்த கட்டம். எங்கள் பல் கிளினிக்கில் டோக்கன் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். "டிக்கெட்டைக் காணோம்னு தேடினோம். பார்த்தா டிக்கெட்டோட ஆளையே காணோம்!" பல்வலிக்காரர்களே சிரிக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்.

அன்று அந்தச் சாப்பாட்டுக் கடையில் நீ எடுத்த படத்தைப் பிரதி போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். வழக்கம்போல எங்கள் கால்களை வெட்டிவிட்டாய். டிசம்பரில் மலைப்பக்கம் போகலாம் என்று அண்ணனும் இவரும் பேசிக்கொள்கிறார்கள். நீ இல்லாமல் எனக்கு எந்த ஊரும் ருசிக்காது. இப்போதே லீவு சொல்லி வை.

உன்,
ரேடியோ


ஜூன் 15

அன்புள்ள ரேடியோ,

கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகம். பள்ளி திறந்துவிட்டது. புதுக் குழந்தைகள் அம்மாவைக் கேட்டு அழுது தீர்க்கிறார்கள். சில நேரம் நானும் கூடவே உட்கார்ந்து அழலாம்போல இருக்கிறது.

டிசம்பரில் நான் வரவில்லை. இவரும் மகளும் வந்தால் கூட்டிப்போங்கள்.

அந்தத் தொலைந்த கதையை இனி யாரிடமும் சொல்லாதே. கேட்டுக்கொள்கிறேன்.

படம் நன்றாக வந்திருக்கிறது. அதை நான் எடுக்கவில்லை.

குண்டூசி


ஜூன் 24

அடியே,

உனக்குக் குண்டூசி என்று பேர் வைத்தவள் வாயில் சர்க்கரைதான் போடவேண்டும். நாலு வரிக்குள் நாலு குத்து.

நீ எடுக்கவில்லை என்றால் வேறு யார் எடுத்தார்கள்? நீ கை கழுவப் போயிருந்தாயோ? மண்டையைக் குடைந்து பார்த்துவிட்டேன், நினைவுக்கு வரவில்லை.

கதையைச் சொல்வது நான் மட்டுமா? போன ஞாயிறு அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது அவரேதான் ஆரம்பித்தார். "ஊர்ப் பிள்ளைங்களை எல்லாம் எண்ணுவா, தன்னை எண்ணத் தெரியல" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். நீ ஏன் வரவில்லை என்றேன். தலைவலி என்றார். உனக்கு எப்போதடி தலைவலி வந்தது? தலைவலி தருகிற ஆள் நான்தானே?

ஸ்டேஷன் வாசலில் உன்னைக் கண்டதும் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதவள் நான். அத்தனை கூட்டமும் வேடிக்கை பார்த்தது. அதுவும் மறந்துபோச்சா? வழி தவறிட்டேன் என்று நீதான் சொன்னாய். இப்போது எதையோ மனசில் போட்டுக்கொண்டு மருகுகிறாய். கொட்டிவிடு. திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். உன் மௌனம் மட்டும் எனக்கு ஆகாது.

உன்,
ரேடியோ


ஜூலை 9

அன்புள்ள ரேடியோ,

கேட்டுவிட்டாய், அதனால் எழுதுகிறேன். நான் வழி தவறவில்லை.

மணிக்கூண்டுக்கு முன்னால் சாலையைக் கடந்தோமே, அங்கே என் செருப்பு வார் கழன்றது. குனிந்து மாட்டிக்கொண்டு நிமிர்வதற்குள் சிக்னல் விழுந்துவிட்டது. நீங்கள் எல்லோரும் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். "நில்லுங்க" என்று கத்தினேன். டிராம் சத்தத்தில் கேட்கவில்லை. என் போனில் அந்த ஊர் சிம் கிடையாது, உனக்கே தெரியும். நீங்கள் அந்தக் கண்ணாடிச் சுவர் வைத்த சாப்பாட்டுக் கடைக்குள் நுழைவதைப் பார்த்தேன்.

அடுத்த பச்சைக்கே கடந்து வந்திருக்கலாம். வரவில்லை. எதிரே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துவிட்டேன். யாராவது தேடிக்கொண்டு வெளியே வருவீர்கள், கையசைக்கலாம் என்று ஒரு சின்னப்பிள்ளைத்தனம். தினமும் நான் எல்லோரையும் எண்ணுகிறேனே, ஒரு நாள் என்னை யாராவது எண்ணட்டுமே என்று தோன்றியது.

பரிமாறுகிற பெண் இரண்டு மேஜைகளைச் சேர்த்துப் போட்டாள். ஏழு நாற்காலி. நீங்கள் ஆறு பேரும் உட்கார்ந்தீர்கள். ஏழாவதில் நீ உன் கைப்பையை வைத்தாய். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டதடி. கல்லூரி பஸ்ஸில் மூன்று வருஷமும் உனக்கு இடம் பிடித்தவள் நான். நீ மூச்சிரைக்க ஓடி வருகிறவரை பக்கத்து இடத்தில் என் பையை வைத்துக்கொண்டு, முறைக்கிறவர்களிடமெல்லாம் "ஆள் வருது, ஆள் வருது" என்று சண்டை போட்டிருக்கிறேன். ரேடியோ எனக்கு இடம் பிடித்துவிட்டாள், இதோ எழுந்து வந்து தேடப்போகிறாள் என்று நினைத்தேன்.

பக்கத்து மேஜைக்கு ஒரு பெரியவர் வந்தார். அந்த நாற்காலியைக் காட்டி உன்னிடம் ஏதோ கேட்டார். நீ பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாய். சிரித்த முகமாக நாற்காலியைத் தூக்கிக் கொடுத்தாய்.

அதன்பிறகு சாப்பிட்டீர்கள். பரிமாறின பெண்ணே உங்களைப் படமும் எடுத்தாள். நீங்கள் கிளம்பியதும் உங்களுக்குப் பின்னாலேயே நடந்து வந்தேன். யாரும் திரும்பவில்லை. ஸ்டேஷன் வாசலில் டிக்கெட் வேண்டியிருந்தது, அப்போதுதான் நான் இல்லாதது தெரிந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதனால்தான் வழி தவறிட்டேன் என்று சொல்லிவைத்தேன்.

இவர் என்னைக் கவனிக்கமாட்டார் என்பது கல்யாணமான புதிதிலேயே தெரிந்துவிட்டது. மகள் போனுக்குள் இருந்தாள். அவர்கள்மேல் வருத்தம் உண்டு, ஆச்சரியம் இல்லை. நீ செய்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

குண்டூசி


ஜூலை 14

குண்டூசி,

கிளினிக் மேஜையிலேயே உட்கார்ந்து படித்தேன், அங்கேயே அழுதேன். டாக்டர் எனக்கும் பல்வலி என்று நினைத்துக்கொண்டார்.

நாற்காலியைக் கொடுத்தது எனக்கு நினைவே இல்லை. நினைவில்லாதது இன்னும் கேவலம் என்று தெரிகிறது. நீ கை கழுவப் போயிருப்பதாக நினைத்தேன் என்று இங்கே ஒரு வரி எழுதினேன். அடித்துவிட்டேன். அது பொய். நான் எதையுமே நினைக்கவில்லை. பேசிக்கொண்டிருந்தேன். நீ எங்கே போய்விடப் போகிறாய் என்கிற தைரியம்தான் எனக்கு எப்போதும்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். நேரில் திட்டு.

உன்,
ரேடியோ


நவம்பர் 20

என் குண்டூசிக்கு,

ஜூலையில் சொன்னபடி அந்த ஞாயிறு வந்தேன். அண்ணன்தான் கதவைத் திறந்தார். "ஸ்கூல் வேலையா வெளிய போயிருக்கா" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். ஞாயிற்றுக்கிழமையில் என்ன பாலர் வகுப்பு என்று நான் கேட்கவில்லை. உன் செருப்பு வாசலில் கிடந்தது. தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

அதன்பிறகு எழுதின கடிதங்களுக்கும் பதில் இல்லை. குறையாகச் சொல்லவில்லை, உனக்கு உரிமை இருக்கிறது. டிசம்பர் பயணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தக் கதையையும் விட்டுவிட்டேன். கிளினிக்குக்குப் பழக்கமான அம்மா ஒருத்தர், "அந்த டிக்கெட் கதையைச் சொல்லேம்மா, இவங்க கேக்கல" என்று பக்கத்தில் இருந்தவரைக் காட்டினார். "அது தப்பா சொல்லிட்டேம்மா" என்று டோக்கனைக் கையில் கொடுத்து உட்காரச் சொன்னேன்.

நேற்று பசங்களுக்குப் பிறந்தநாள். வெளியே சாப்பிடப் போனோம். நாங்கள் நாலு பேர், எங்கள் மேஜையில் ஒரு நாற்காலி கூடுதலாகக் கிடந்தது. நல்ல கூட்டம். ஒருத்தர் வந்து, "இதை எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டார்.

"ஆள் வருது" என்றேன்.

அவர் போய்விட்டார். இவர் என்னை ஒரு மாதிரி பார்த்து, "யாருடி வர்றா?" என்றார். பசங்களும் பார்த்தார்கள். கைப்பையை எடுத்து அந்த நாற்காலியில் வைத்தேன். சாப்பிட்டு முடிக்கிறவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன்,
ரேடியோ