வெறும் தண்ணீர்க் கூண்டு

ஜூலை 8, திங்கள்

காலையிலிருந்து தூறல். வெள்ளிமலை பஸ்ஸில் ஜன்னல் சீட், பாதி வெற்றி அதிலேயே. ஆய்வுக்குச் சிறுகுறிஞ்சான் இலை ஒரு பை நிறைய. பறித்துக் கொடுத்த மலைக்கார அம்மா, "ஒண்ண மென்னுட்டு சக்கர தின்னு பாரு, மண்ணு மாரி இருக்கும்" என்றார். மென்றேன். மறந்தும் போனேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், "அண்ணே, சர்க்கரையே போடலயே!" என்று சண்டை. இன்னொரு கரண்டி போட்டார். அதுவும் மண். பிறகுதான் உறைத்தது. அவர் முகத்தைப் பார்க்காமல் காசை வைத்துவிட்டு ஓட்டம்.

ஜூலை 20, சனி

நல்ல வெயில். ஊசி போட்டுச் சர்க்கரை வரவைத்த எலிகள், இரண்டு கூண்டு. ஒன்றுக்கு இலைப்பொடி கரைத்த தண்ணீர், இன்னொன்றுக்கு வெறும் தண்ணீர். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால்தான் இலை வேலை செய்கிறது என்று எழுத முடியும். எழுதினால்தான் எனக்குப் பட்டம்.

கூண்டு கழுவும் அஞ்சலை அக்கா (நைனார்பாளையம், வாய் ஓயாது): "இதுங்களுக்கு மட்டும் இன்னாத்துக்கு பாப்பா வெறும் தண்ணி?" விளக்கினேன். "ஓஹோ" என்றார். அந்த ஓஹோ சரியில்லை.

அப்பா போன். "எலி பாஸாயிட்டா நானும் சக்கர மாத்திரைய வுட்டுடலாமா?" கூடவே கூடாது என்று கத்தினேன்.

வாங்க: கையுறை, சர்க்கரை மீட்டருக்கு ஸ்ட்ரிப், ஷாம்பு.

ஆகஸ்ட் 9, வெள்ளி

புழுக்கம். தலையில் இடி. இலைக் கூண்டில் சர்க்கரை இறங்கியிருக்கிறது. தண்ணீர்க் கூண்டிலும்! மீட்டரைத் திட்டினேன். ஸ்ட்ரிப் மாற்றினேன். அதேதான். ஆய்வு வழிகாட்டி சார்: "அப்ப உன் இலை சும்மாம்மா." அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மதியம் பார்த்தால் தண்ணீர்க் கூண்டு மூலையில் ஊறிய கொண்டைக்கடலைத் தோல். அதில் பச்சையாக என் இலைப்பொடி. அஞ்சலை அக்கா மறைக்கவே இல்லை. "நாந்தான் டப்பா பொடிய கலந்து குடுத்துக்கினு இருந்தேன். அதுங்களுக்கு மருந்து, இதுங்க பாத்துக்கினே கெடக்குதுங்க. பாக்க வச்சி துன்னா வயித்த வலிக்கும் பாப்பா."

அவ்வளவு கோபத்திலும் சிரிப்பு வந்து தொலைத்தது. இலை தோற்கவில்லை, இரண்டு கூண்டிலும் ஜெயித்திருக்கிறது! சாரிடம் ஓடினேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "எல்லாம் முதல்லேர்ந்து. புது எலி."

ஆகஸ்ட் 12, திங்கள்

ராத்திரி மழை, காலை வேப்பம்பழச் சேறு. கூண்டுகளுக்கு நடுவே அட்டை வைத்தாயிற்று. யோசனை அக்காவுடையது. "பாக்கலன்னா பாவம் கம்மி." இனிமேல் எதுவும் கொடுக்க மாட்டேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம். ஏன் என் தலை?

செப்டம்பர் 20, வெள்ளி

மேகமூட்டம். கடைசி ரீடிங். இலைக் கூண்டில் சர்க்கரை இறங்கிவிட்டது. தண்ணீர்க் கூண்டில் இறங்கவே இல்லை. சார், "ம், நல்லாருக்கு." அவர் வாயில் அது வந்ததே பெரிய விஷயம். சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. எலி அறை வாசலிலேயே நின்று மைசூர்பாகு, எனக்கும் அக்காவுக்கும்.

அக்கா கூண்டு கழுவ அட்டையை எடுத்தார். தண்ணீர்க் கூண்டு எலிகள், மெலிந்துபோய், மூக்கைக் கம்பியில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தன. ஆய்வு முடிந்த எலிகளைக் கொன்றுவிடுவார்கள், நாளையோடு அவற்றுக்கு முடிந்தது. இருவருக்கும் தெரியும். மிச்ச மைசூர்பாகைப் பேப்பரில் மடித்து வைத்தேன்.

"நான் சத்தியத்த மீறல பாப்பா" என்றார் அக்கா, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

பையிலிருந்து டிபன்பாக்ஸை எடுத்தேன். நேற்று ராத்திரியே வீட்டில் ஊறவைத்த கொண்டைக்கடலை. பொடியும் கலந்தாயிற்று.

"இன்னா பாப்பா இது?"

"வயித்த வலிக்குதுக்கா."