காற்றில் பொரிக்கிற மெஷின்

கொக்குவில் கிழக்கு,
19.07.2025

அன்பு மகள் தக்சாயினிக்கு,

நீயும் உன் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் மருமகன் மயூரதனும் சுகமாயிருக்க இணுவில் கந்தசாமியார் காவல். இங்கே நானும் அப்பாவும் சுகம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன், மிச்சத்தைக் கீழே வாசித்துத் தெரிந்துகொள். ஒன்பது நாளாக நீ எங்களோடு கதைக்கவில்லை. நான் எடுத்தால் மருமகன்தான் போனைத் தூக்கி, அவ படுத்திருக்கிறா மாமி என்கிறார். ஏழாம் மாதத்தில் பிள்ளைத்தாய்ச்சி காலாற நடக்க வேண்டும், ஒன்பது நாள் படுக்கிறதாவது. உனக்கு வந்திருப்பது படுக்கை இல்லை, கோபம், அது எனக்குத் தெரியாதா. அண்டைக்கு வீடியோவில் எங்களைப் பார்த்துக்கொண்டே, என்ரை கையாலை வந்த சாமான் எண்டால் அப்பாவுக்கு இளக்காரம், வாயிலை வைச்சும் பாக்க மாட்டார் என்று சொல்லிவிட்டுப் போனை வெட்டினாயே, அந்தக் கோபத்துக்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல வழியில்லை, நான் போனைத் தொட்டாலே அப்பா பக்கத்தில் வந்து காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார். அதனால் எழுதி, என் தம்பியின் மகன் பிரணவனிடம் கொடுக்கிறேன், அவன் படம் பிடித்து உனக்கு அனுப்புவான். வாசித்த கையோடு படத்தை அழித்துவிடு.

முதலில் அந்த மெஷினைப் பற்றிச் சொல்கிறேன், உனக்குக் கோபம் வரும், வரட்டும், இருக்கிற கோபத்தோடு அதுவும் கிடக்கட்டும். சித்திரையில் நான் வாய்தவறி, அப்பா பொரிச்ச சாமான் எல்லாத்தையும் விட்டிட்டார் என்று உனக்குச் சொன்னேன். ஏன் விட்டார் என்று எனக்கே அப்போது தெரியாது, கேட்டால் வயிறு சரியில்லை என்பார். நீ லண்டனில் இருந்தபடியே கொலஸ்ட்ரோல் என்று தீர்ப்புச் சொல்லி, கொழும்புக் கடையொன்றுக்கு ஓடரும் கொடுத்து, எயார் பிறையர் என்று ஒன்றை வீட்டு வாசலில் இறக்கிவிட்டாய். பெட்டியைப் பிரித்தபோது நான் சோறு அவிக்கிற மெஷின் என்று நினைத்தேன், அப்பா குப்பை வாளி என்று நினைத்தார். வயிறு பெருத்த கறுப்பு வாளி, இழுத்தால் மேசை லாச்சி மாதிரி ஒரு கூடை வெளியே வருகிறது. தாச்சியில் எண்ணெய் கொதித்து, பருத்தித்துறை வடையைத் தட்டிப் போட்டால் முதலில் ஒரு இரைச்சல், பிறகு அது மெல்ல அடங்கும், அடங்குகிற இடத்தில் வடையை எடுக்க வேண்டும். முப்பத்தாறு வருடமாக என் காதுதான் எனக்கு மணிக்கூடு. உன் மெஷின் உள்ளே என்ன செய்கிறது என்று கண்ணுக்கும் தெரியாது காதுக்கும் தெரியாது, அதுவாக மணி அடித்தால் நாங்கள் போய்த் திறக்க வேண்டுமாம். நான் என்ன பள்ளிக்கூடமா படிக்கிறேன் மணிக்கு எழும்பி ஓட.

மெஷின் போதாதென்று அதற்குள் போடப் பயறு வேறு. எடமாமே. பக்கத்து வளவு செபநாயகம் அண்ணை அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, எட மாமியோ, ஆரின்ரை மாமி என்று கேட்டார், பின்னேரம் முழுக்க அதே பகிடிதான். பிரணவன் கொழும்பில் வாங்கி, ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு கொண்டுவந்தான். கொக்குவில் ஸ்ரேசனில் இறங்கி வருகிறபோது வழியில் இரண்டு பூனை மீன் என்று நம்பிப் பின்னால் வந்திருக்கின்றன. பெட்டியைத் திறந்ததும் அவைக்கு வந்த ஏமாற்றம்தான் எனக்கும். பிஞ்சுச் சோயா, அவ்வளவுதான். முற்றிக் காய விட்டால் பருப்பாகிற சாமானைப் பிஞ்சிலே பிடுங்கி, உரித்து, ஐஸில் போட்டு, ஒரு சப்பான் பெயரும் வைத்து விற்கிறார்கள், எங்கள் பிள்ளைகள் படித்த படிப்புக்கு அதை வாங்கித் தின்கிறார்கள். இணுவில் தோட்டக்காரன் எவனிடமாவது இதைச் சொல்லிப் பார், சிரிக்கக்கூட மாட்டான், உன்னைப் பாவம் என்றுதான் பார்ப்பான்.

ஆனாலும் நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன், செய்யவில்லை என்று சொல்லாதே. அதில் ஒரு பிள்ளை பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள், அடுப்படியில் நிற்கிறவளுக்கு அவ்வளவு சிரிப்பு எங்கிருந்து வருகிறதோ. பயறைத் துவாயில் கொட்டி ஒற்றி ஒற்றி ஈரம் எடுக்க வேண்டுமாம், குளிப்பாட்டின குழந்தையைத் துடைக்கிற மாதிரி. ஒரு தேக்கரண்டி எண்ணெய், உப்பு, உள்ளித்தூள், ஒரு மேசைக்கரண்டி தூள் என்று நீ எழுதியிருந்தாய். தூள் என்றால் இந்த வீட்டில் எது? நான் வறுத்து இடித்த கறித்தூள்தானே. அதைத்தான் போட்டேன். ஏற்கெனவே வறுத்த தூளை இருநூறு பாகைச் சூட்டில் திரும்பவும் வறுத்தால் என்ன ஆகும் என்று அந்தச் சிரிக்கிற பிள்ளைக்குத் தெரியாது, இப்போது எனக்குத் தெரியும். மெஷின் காற்றை அடித்து அடித்து வீடு முழுக்கத் தூளைப் பரப்பியது. நானும் அப்பாவும் இருமி இருமி முற்றத்துக்கு ஓடினோம், செபநாயகம் அண்ணை வேலிக்கு அங்கால் நின்று, ஆருக்குச் செய்வினை எடுக்கிறியள் என்று கேட்டார். நீ சொன்ன தூள் நிறத்துக்குப் போடுகிற ஏதோ உறைப்பில்லாத சிவப்பு மா என்று பிறகு பிரணவன் சொன்னான். உறைப்பில்லாத மிளகாய்த்தூள் எதற்கு, நெற்றியில் பூசவா? இரண்டாம் தரம் கொஞ்சம் மிளகும் உப்பும் மட்டும் போட்டு, பாதியில் கூடையை இழுத்துக் குலுக்கிப் பன்னிரண்டு நிமிடம் விட்டேன். வந்தது. மொறுமொறு என்று வந்தது, நான் பொய் சொல்ல மாட்டேன். கால் மணித்தியாலத்தில் நமத்துப்போனது, அதையும் மறைக்க மாட்டேன்.

அந்தக் கால் மணித்தியாலத்துக்குள்தான் நீ வீடியோவில் வந்தாய், நான் தேத்தண்ணியோடு தட்டத்தை அப்பாவுக்கு முன்னால் வைத்தேன். அவர் ஒன்றை எடுத்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், திரும்பத் தட்டத்திலே வைத்துவிட்டு, உந்தச் சாமானை எனக்குக் காட்டாதையும், நீர் சாப்பிடும் என்றார். நீ கேட்டது அவ்வளவும்தான். நீ கேட்காத மிச்சம் இது. அந்த மெஷின் வந்த அன்றே, இது கரண்ட் கூட இழுக்கும், பிள்ளை அனுப்பினது பழுதாப் போகும் என்று, அறுபத்தெட்டு வயதில் ஏணி வைத்து ஏறி, அதற்கென்று தனி வயர் இழுத்துத் தனிப் பிளக் பூட்டினவர் அவர். காலையில் பேப்பர் வாசிக்க முன்னம் அதைத் துடைக்கிறார். என் அடுப்பை ஒரு நாள் துடைத்தாரா இந்த மனிசன்? இளக்காரம் என்று சொன்னாயே, இளக்காரம் எங்களிடமா, உன் வாயிலா?

எனக்கும் அன்று கோபமும் வெப்பிசாரமும்தான். பொம்பிளைப் பிள்ளையின் மனதை நோகடிக்கிறதுக்கென்றே இவருக்கு ஒரு நாக்கு என்று குசினிக்குள் நின்று பேசினேன். செபநாயகம் அண்ணை காட்ஸ் விளையாட வந்தவர், ஒருத்தரும் தொடாத தட்டத்தை மடியில் வைத்து ஒன்றும் மிச்சம் விடாமல் தின்று முடித்துவிட்டு, அப்பா கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து என்னிடம் மெல்லச் சொன்னார். தங்கச்சி, அவரைப் பேசாதை, அவர் நேத்தி வைச்சிருக்கிறார், பங்குனி உத்தரத்திலை இருந்து, உன்ரை மகளுக்குப் பிள்ளை நல்லபடி பிறக்கும் வரைக்கும் பொரிச்ச சாமான் ஒண்டும் வாயிலை வைக்கிறேல்லை எண்டு இணுவில் கந்தசாமிக்கு. தட்டத்தை வாங்கிக்கொண்டு நின்று நாளை எண்ணிப் பார்த்தேன். பங்குனியில்தான் நீ செய்தி சொன்னாய், அடுத்த நாள் விடிய இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கேயோ போனார், பஞ்சர் ஒட்டப் போனேன் என்றார். போன தரம் உனக்குப் பிள்ளை வயிற்றில் தங்காமல் போய்ச் செய்தி வந்த அன்று இவர் கூரைக்கு மேல் ஏறி ஒரு பிழையும் இல்லாத வயரைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினார், ஞாபகம் வருகிறது. கந்தசாமிக்கு வைத்த நேர்த்தியைக் கட்டின மனிசிக்குச் சொல்லாமல் சேர்ச்சுக்குப் போகிற ஒரு வேதக்காரரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார் பார். கேட்டால் வெளியில் சொன்னால் பலிக்காதாம். வேலிக்கு அங்கால் சொன்னால் பலிக்கும், வீட்டுக்குள் சொன்னால் பலிக்காது, இது எந்தச் சாத்திரமோ.

பிழை உன் வாயில்தான். காத்திலை பொரிக்கிற மெஷின் அப்பா என்று நீயே போனில் பத்துத் தரம் சொன்னாய், வறுக்கிற மெஷின் என்று ஒரு தரம் சொல்லியிருந்தால் அந்த மனிசன் பயறை மடியில் கொட்டித் தின்றிருப்பார். எண்ணெய் ஊற்றாமல் சூட்டில் போடுவது வறுவல், எண்ணெயில் போடுவது பொரியல், இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி, ஏனப்பா, எண்ணெய் இல்லாததெல்லாம் பொரியலோ என்று கேட்டுப் பார்த்தேன். நெற்பொரிக்கு ஆர் எண்ணெய் விட்டது, அதுவும் பொரிதானே, சோளப்பொரி பொரியில்லையோ என்று என்னைத் திருப்பிக் கேட்கிறார். வயறிங் வேலை செய்த மனிசன் பண்டிதர் மாதிரிக் கதைக்கிறார். முந்தாநாள் ஆடிப்பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும் கொடுத்தேன், மூன்று கோப்பை குடித்தார், வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை, கொலஸ்ட்ரோலும் இல்லை, சொல்லில்தான் கோளாறு. நீ போன் எடுத்து, அப்பா, நான் பிழையாச் சொல்லிப்போட்டன், அது வறுக்கிற மெஷின் என்று சொல்லு. கந்தசாமியார் தமிழ்க் கடவுள், அவருக்குப் பொரியலுக்கும் வறுவலுக்கும் வித்தியாசம் தெரியும். நேர்த்தி உனக்குத் தெரியும் என்று மட்டும் மூச்சும் விடாதே.

உன் மெஷினைப் பற்றியும் பயறைப் பற்றியும் எழுதினதில் ஒரு எழுத்தையும் நான் திருப்பி எடுக்கவில்லை. ஆனால் ஒன்று என் நெஞ்சைக் குத்துகிறது, அதை உனக்குத்தான் சொல்லலாம். பங்குனியில் இருந்து மூன்று மாதம், இவர் சாப்பிடாவிட்டால் கிடக்கட்டும், எனக்கென்ன என்று ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு அவருக்கு முன்னாலேயே வடை பொரித்துத் தின்றவள் நான். அந்த வாசத்தில் இருந்துகொண்டு வெறும் தேத்தண்ணியைக் குடித்தார், ஒரு நாளாவது முகம் சுளிக்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, பின்னேரத்தில் நட, மருமகனைப் பேசாதே. கந்தசாமியார் உன்னையும் பிள்ளையையும் இரண்டு உயிராகப் பிரித்துச் சுகமாகக் கையில் தருவார். நாளைக்குப் போன் எடுக்க மறக்காதே, வறுக்கிற மெஷின் என்ற சொல்லையும் மறக்காதே. செபநாயகம் அண்ணை சொன்ன அன்றே தாச்சியைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். ஏன் கவிழ்ந்து கிடக்குது என்று அப்பா இன்னும் கேட்கவில்லை. புரட்டாசியில் உன் பிள்ளை அழுத சத்தம் போனில் கேட்ட பிறகுதான் நிமிர்த்துவேன்.

உன் அம்மா,
மு. மீனாம்பிகை