சாக்கு கட்டிய ராணுவ வீரன்

என் சேவியருக்கு,

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய் ஒரு வருஷம் ஆகிறது. எனக்கு அலுத்துவிட்டதடா தம்பி.

தேர்தல் வந்தது. வழக்கம்போலத் தலைவர்களின் சிலைகளைச் சாக்கு போட்டு மூடினார்கள். போன தேர்தலில் நீ கேமராவோடு அரியலூர், பெரம்பலூர், தா.பழூர் என்று அலைந்து அந்த மூட்டைகளைத்தானே படம் எடுத்தாய்? "அக்கா, சாக்குக்குள்ள எல்லாரும் ஒரே சாதி, பாத்தியா?" என்று சிரித்தாய். இந்தத் தடவை நீ செய்த சிலையையும் மூடிவிட்டார்கள்.

எல்லையில் செத்துப்போன நம் ஊர் மிலிட்டரிக்காரன் அந்தோணியின் சிலை அது. மூட வந்த வெளியூர் ஆட்கள் அவனை ஏதோ கட்சித் தலைவர் என்று நினைத்துவிட்டார்கள். தேர்தல் முடிந்ததும் மற்ற சிலைகளை அவரவர் கட்சிக்காரர்கள் அவிழ்த்தார்கள். இவனுக்கு எந்தக் கட்சி இருக்கிறது? தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தேன். "பஞ்சாயத்துல கேளுங்க டீச்சர்" என்றார்கள். பஞ்சாயத்திலோ, "மேலேர்ந்து உத்தரவு வரணுங்க."

கடைசியில் நம் தெரு இளவட்டங்கள் வந்தார்கள். "நாங்களே அவுத்துடுறோம் டீச்சர். ஆனா கையில ஒரு துப்பாக்கி வச்சிடுவோம். மிலிட்டரிக்காரன் பொட்டியும் கையுமா நின்னா நாட்டுக்கே அவமானம்!"

துப்பாக்கி வேண்டாம் என்றுதானே சாகும்வரை நீ மல்லுக்கட்டினாய்? லீவில் வந்து பஸ்ஸை விட்டு இறங்கியவனாகத்தான் அவனைச் செய்வேன் என்றாய், டிரங்குப் பெட்டியோடு. எனக்கு உன்னைப்போல வாதாடத் தெம்பில்லை. 'என்னமோ செய்யுங்கப்பா' என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன்.

அப்போதுதான் அந்தோணியின் அம்மா கரும்புக் கொல்லையிலிருந்து வந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கையிலிருந்த அரிவாளால் கயிற்றை அறுத்தார். சாக்கை இழுத்துப் போட்டுவிட்டு, முந்தானையால் சிலையின் முகத்தைத் துடைத்தார்.

"பொட்டியக் கீழ வச்சாத்தானடா துப்பாக்கி புடிப்பான்? எம்புள்ள இப்பத்தான் வூட்டுக்கு வந்துருக்கான். திரும்ப அனுப்பவா சொல்றீங்க?"

பையன்கள் அறுந்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இதை நீ படம் எடுக்காமல் போனாயே, பாவி.

அடுத்த தேர்தலுக்கும் சாக்கோடு வருவார்கள். அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு அவன் பக்கத்திலேயே நிற்பேன். அலுப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் நிற்பேன்டா.

உன் கூடப்பிறந்தவள்,
மேரி அக்கா