அபின் நிறுத்த தராசு

அப்பா,

இன்று ஆயுத பூஜை. நம் சின்னப் பித்தளைத் தராசைப் புளி போட்டுத் துலக்கினேன். பொட்டு வைக்கும்போது கை தயங்கியது.

ஒவ்வோர் ஆண்டும் நீங்கள்தான் வைப்பீர்கள். "எம்பாட்டன் நகை நிறுத்தது" என்பீர்கள். அதை நம்பி, பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் வரலாற்று ஆசிரியையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் தட்டைத் திருப்பி, அடியிலிருந்த முத்திரையில் விரல் வைத்தார். வெள்ளைக்கார அரசு உரிமம் கொடுத்து நடத்திய அபின் கடையின் முத்திரை.

வீட்டுக்கு வந்து கேட்டேன். நீங்கள் முதலில் கதவைச் சாத்தினீர்கள்.

"கடையில எடை போட்டாரு. வெள்ளக்காரன் முத்திர குத்தி வித்தா அது சர்க்கார் வருமானம். அதே உருண்டையச் சீனாவுக்குப் போற கப்பல்ல ஒளிச்சு ஏத்துனா களவு. பாட்டன் ரெண்டும் செஞ்சாரு. இத எழுதாத தாயி. கோயில்ல மூஞ்சி காட்ட முடியாது."

கல்லூரிக் கருத்தரங்குக்கான கட்டுரையில் எழுதினேன். மூன்று வாரம் நாம் பேசவில்லை. வீட்டின் பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் அதை வாசித்துப் பழகுவேன். அந்தப் பக்கம் உங்கள் இருமல்.

கருத்தரங்கு அன்று நீங்கள் தன்லியின் ஊரிலுள்ள தொழிற்சாலைக்கு வேலைக்குப் போயிருப்பீர்கள் என்று நினைத்தேன். கடைசி வரிசையில், விசேஷத்துக்கென்று பெட்டியில் வைத்திருந்த புது லுங்கியில் உட்கார்ந்திருந்தீர்கள். நம் வீட்டிலிருந்து அந்தக் கல்லூரி வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான், இரண்டாவது நீங்கள்.

அரசு அபினை விற்றதையும், அது சீனாவுக்குக் கடத்தப்பட்டதையும் வாசித்தேன். பாட்டனைப் பற்றிய பத்தி வந்தது. உங்களைப் பார்த்தேன். நீங்கள் அசையவில்லை. தாளைப் புரட்டிவிட்டேன். கடத்தியது யாரோ என்றாகிவிட்டது.

திரும்பும்போது, பஸ் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டீர்கள்.

"பாட்டன எந்த ஸ்டாப்புல எறக்கிவிட்ட?"

"உங்களுக்காகத்தான்ப்பா."

"வேணாம்னேன், சரி. அப்புறம் மூணு வாரமா பலகையில காத வச்சுக் கேட்டேன்ல? லீவு போட்டுட்டு எதுக்கு வந்தேன்? மத்த யாரும் சொல்றதுக்கு முன்னாடி எம்பொண்ணு சொல்லட்டும்னுதான்."

அந்த மழைக்காலம் முடிவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

அன்று என்னைத் தடுத்தது உங்கள் பயம் என்று சில நாள் சொல்லிப் பார்த்தேன். ஒட்டவில்லை. கூட்டத்தில் எழுந்தாலே சில்லிட்டுப்போகிற கை என்னுடையது.

அடுத்த வாரம் நம் கோயில் மண்டபத்தில் முன்னோர்களைப் பற்றிப் பேசக் கேட்டிருக்கிறார்கள். வாசிக்காமல் விட்ட அந்த ஒரு பத்தியை மட்டும் எடுத்துப் போகிறேன். எதிரே உட்காரப்போகும் எல்லோரும் உங்களைத் தெரிந்தவர்கள். நடுங்கினால் பார்ப்பதற்கு உங்கள் முகம் இருக்காது, அப்பா. பார்த்துவிட்டு நான் அதன்மேல் பழி போடவும் இருக்காது.