இரண்டு திருகாணிகள்

4.6.95

அன்புள்ள ‘என்னங்க’வுக்கு,

நான் நலம். நீங்களும் குட்டியும் எப்படி இருக்கிறீர்கள்? அவளுக்குச் சளி விட்டதா? போன கடிதத்தில் அதைப் பற்றி மூச்சே விடவில்லையே.

எங்கள் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துக்கும் ஒருவழியாகக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அதற்கு மூலையறையை ஒதுக்கி, தூசி நுழையக் கூடாதென்று ஜன்னல்களை ஆணி அடித்து மூடிவிட்டார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். யார் கற்றுக்கொள்கிறீர்கள் என்று கண்காணிப்பாளர் கேட்டதும், அவரவருக்கு மூட்டுவலியும் கண்வலியும் வந்துவிட்டன. நான் கையைத் தூக்கினேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் தெரிந்தவர்களுக்கு இடமாறுதலில் முன்னுரிமை என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. அங்கே உங்கள் பம்ப் ஹவுஸ் வேலையும் குட்டியின் பள்ளிக்கூடமும். இங்கே நானும் ஒரு வாடகை அறையும். மூன்று வருடமாக, சில மாதங்களுக்கு ஒருமுறை என் வீட்டுக்கே விருந்தாளியாக வந்து போகிறேன். எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

முதல் நாளே மானம் கப்பலேறியது. டிவி மாதிரி இருப்பதுதான் கம்ப்யூட்டர் என்று நினைத்தேன். கீழே இருந்த பெட்டி ஏதோ ஸ்டெபிலைசர் என்று எண்ணி, அதன்மேல் சாப்பாட்டுப் பையை வைத்தேன். அதுதான் சி.பி.யு.வாம், மூளையே அதற்குள்தானாம். மவுஸை மேஜையிலிருந்து தூக்கி, திரைக்கு நேராக நீட்டி அமுக்கினேன். சொல்லித்தர வந்தவர் தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு நாளில் அவரும் போய்விட்டார். பெட்டிக்குப் பின்னால் ஒரே வயர்க்காடு. எது எங்கே போகிறதென்று ஒன்றும் புரியவில்லை. பயமாக இருக்கிறது.

உங்கள்
அவசரக்குடுக்கை


12.6.95

அன்புள்ள அவசரக்குடுக்கைக்கு,

குட்டிக்குச் சளி விட்டது, முன்பல்லும் விழுந்தது. விழுந்த பல்லை உனக்குக் காட்ட டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். சாப்பாட்டுப் பை கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள்.

பயப்படாதே. எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, குழாய் தெரியும். நான் இங்கே வந்து சேர்ந்தபோது எந்தக் குழாய் எங்கே போகிறதென்று எனக்கும் புரியவில்லை. ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை கட்டினேன், அவ்வளவுதான். நீயும் வயரின் முனையிலும் அது சேரும் துளைக்குப் பக்கத்திலும் ஒரே நிறத்தில் நூல் கட்டு. நின்றுபோனால் பெட்டியைத் திறக்காதே, முதலில் ஜாயின்ட்டைப் பார். பத்துக் கோளாறில் ஒன்பது ஜாயின்ட்டில்தான் இருக்கும்.

‘அம்மா எப்ப வருவா’ என்பதை இவள் இப்போதெல்லாம் கேட்பதில்லை. கேட்டுக்கொண்டிருந்ததே எனக்குத் தேவலையாக இருந்தது.

உன்
என்னங்க


9.7.95

அன்புள்ள ‘என்னங்க’வுக்கு,

உங்கள் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். மானிட்டருக்கு நீல நூல், கீபோர்டுக்குப் பச்சை, மவுஸுக்கு மஞ்சள், பிரிண்டருக்குச் சிவப்பு என்று கட்டி முடித்தேன். அதைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். மூன்றாம் நாள் பிரிண்டர் நின்றுபோனது. வெளியே சான்றிதழுக்கு நாற்பது பேர் வரிசையில். சர்வீஸ்காரர் வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். நான் பின்னால் குனிந்து பார்த்தேன். சிவப்பு நூல் கட்டிய வயர் தொங்கிக்கொண்டிருந்தது. பெருக்கும் அக்காவின் துடைப்பம் பட்டிருக்க வேண்டும். செருகி, இரண்டு பக்கமும் இருந்த குட்டித் திருகாணிகளை முறுக்கினேன். பிரிண்டர் கிரீச்சென்று கத்திக்கொண்டு அடிக்க ஆரம்பித்ததும் வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். இத்தனை வருடத்தில் எனக்காக யாரும் கைதட்டியதில்லை.

அதற்குப் பிறகும் இரண்டு முறை நின்றது. ஒருமுறை மேலதிகாரி வந்திருந்தபோதே நின்றது. ஒரு நிமிடத்தில் சரிசெய்துவிட்டேன். கைராசிக்காரி என்றே இப்போது எனக்குப் பெயர். அக்காவுக்குத்தான் பாவம், மூன்று முறையும் நல்ல திட்டு.

மாறுதல் விண்ணப்பம் போய்விட்டது. ‘கம்ப்யூட்டர் கருவிகளை நன்கு அறிந்தவர்’ என்று மேலதிகாரியே குறிப்பு எழுதினார்.

உங்கள்
கைராசிக்காரி


27.7.95

அன்புள்ள கைராசிக்காரிக்கு,

ஆணை கிடைத்துவிட்டது என்ற உன் தந்தி வந்தது. இங்கே ஒரே அமர்க்களம். பின்னறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. உன் புடவைக்கென்று பீரோவில் ஒரு தட்டைக் காலி செய்தேன். குட்டி தன் பல் டப்பாவை அதில் வைத்திருக்கிறாள், நீ வரும்வரை எடுக்கக் கூடாதாம். என்றைக்கு விடுவிக்கிறார்கள் என்று மட்டும் எழுது. அரைநாள் லீவு சொல்ல வேண்டும்.

உன்
என்னங்க


8.8.95

என்னங்க,

கண்காணிப்பாளர் என்னை விடமாட்டேன் என்கிறார்.

பதில் ஆள் வந்த பிறகுதான் விடுவிப்பாராம். இந்த மாதம் 24ஆம் தேதிக்குள் நான் அங்கே வந்து சேராவிட்டால் ஆணை செல்லாது. மூன்று முறை போய்க் கேட்டேன். “நீங்க போயிட்டா இந்த மெஷின யாரும்மா பார்ப்பா?” என்று அதே ஒரு கேள்வி. மற்றவர்களுக்குச் சொல்லித் தருகிறேன் என்றால் ஒருவரும் கிட்டே வருவதில்லை. “உங்க கைராசி எங்களுக்கு வருமா” என்று கும்பிடு போட்டுவிட்டு ஓடுகிறார்கள். காலை பத்து மணிக்கு அந்த அறைக்குள் போனால் மாலை வரை வெயிலா மழையா என்றுகூடத் தெரிவதில்லை. ஆணி அடித்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறேன்.

உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். முதல்முறைதான் துடைப்பம் பட்டது. அடுத்த இரண்டு முறையும் திருகாணியைக் கழற்றி வயரைத் தளர்த்தியது நான்தான். குறிப்பு எழுதும் நேரத்தில் என் வேலை மேலதிகாரியின் கண்ணில் பட வேண்டும் என்று நினைத்தேன். எனக்கு நானே குழி வெட்டிக்கொண்டேன்.

இதோடு போகவில்லை. மூன்று முறை இயந்திரத்தைக் கெடுத்தாள் என்று அக்காவை வேலையிலிருந்து நிறுத்தப் போகிறார்கள். இப்போதைக்கு அறைக்குள் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவள் வாசலிலேயே துடைப்பத்தோடு நிற்கிறாள். நான் செருப்பைக் கழற்றும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

என்ன செய்யட்டும்?


13.8.95

அன்புள்ள உனக்கு,

உன் கடிதத்தைக் குட்டிக்குப் படித்துக் காட்டவில்லை.

ஜாயின்ட்டைப் பார் என்று சொன்னது நான். அதை இப்படிப் படித்துக்கொள்வாய் என்று நினைக்கவில்லை. எனக்குக் கோபம்தான், மறைக்க மாட்டேன். எங்கள் பம்ப் ஹவுஸில் ஒருவன் வேண்டுமென்றே ஜாயின்ட்டைத் தளர்த்திவிட்டுப் பழியை அடுத்தவன்மேல் போட்டால், அவனோடு யாரும் உட்கார்ந்து சாப்பிட மாட்டோம்.

இன்னொன்றும் சொல்கிறேன், வலிக்கும். உன் ஜூலைக் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். கைதட்டலைப் பற்றி எத்தனை வரி! விண்ணப்பம் போனது என்பதைத் தவிர, எங்களிடம் வருவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. குட்டியின் பல்லைப் பற்றிக் கேட்கவே இல்லை. நீ எங்களுக்காக மட்டும் அந்த வயரைத் தளர்த்தவில்லை.

ஒருத்தி பிழைப்பில் மண் விழுந்த பிறகு நீ இங்கே வந்தாலும் நம் வீட்டில் சோறு இறங்காது. அப்புறம் உன் இஷ்டம்.

என்னங்க


22.8.95

அன்புள்ள ‘என்னங்க’வுக்கு,

நீங்கள் எழுதியது அத்தனையும் நிஜம். இரண்டு நாள் அழுதேன். பிறகு கண்காணிப்பாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

“அத நான் அன்னிக்கே பார்த்தேன்மா,” என்றார். “நீங்க இங்கயே இருந்தா, அது என்னோடயே இருக்கும், வெளிய போகாது.”

அக்காவின் கதி என்ன என்று கேட்டேன். பெருக்குவதற்கு ஆளா கிடைக்காது என்றார். ஓய்வுபெற அவருக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. அதுவரை தன் அலுவலகத்தில் எதுவும் நிற்கக் கூடாது, அவ்வளவுதான் அவர் கவலை.

இன்று காலை, நடந்ததை எல்லாம் கம்ப்யூட்டரில் அடித்து வைத்துக்கொண்டேன். பதினோரு மணிக்கு, வரிசையில் ஆட்கள் நிற்க, ஊழியர்கள் எல்லாரையும் கூப்பிட்டு அவர்கள் முன்னாலேயே பிரிண்டர் வயரைக் கழற்றித் தரையில் போட்டேன். கண்காணிப்பாளரும் ஓடி வந்தார். வாசலில் நின்ற அக்காவை உள்ளே வரச் சொன்னேன். அவருக்குப் பயந்து தயங்கினாள். கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

“அக்கா, சிவப்பு நூல் எங்க போகும்னு பாருங்க.”

அவள் குனிந்து சிவப்புக்குச் சிவப்பு பார்த்துச் செருகினாள். இரண்டு திருகாணிகளையும் முறுக்கிவிட்டு, இவ்வளவுதானா என்பது போல நிமிர்ந்தாள். நான் பொத்தானை அமுக்கினேன். பிரிண்டர் கத்திக்கொண்டே என் வாக்குமூலத்தை வரிவரியாக வெளியே தள்ளியது. எல்லாருக்கும் கேட்கும்படி அதை நானே படித்தேன். இம்முறை யாரும் கைதட்டவில்லை.

கண்காணிப்பாளர் தாளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். அதனால் இன்னொரு பிரதி எடுத்துக் கையெழுத்துப் போட்டு, தலைமை அலுவலகத்துக்கே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அவளை நிறுத்த இனி அவர்களுக்குக் காரணம் இல்லை. அக்கா சாயங்காலம் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். “நீங்க கேட்டிருந்தா நானே தட்டிவிட்டிருப்பேனேம்மா.” அதைக் கேட்டபோது வந்த வெட்கம் வாக்குமூலம் படித்தபோதுகூட வரவில்லை.

விடுவிப்பில் அவர் கையெழுத்துப் போடவில்லை. இனிப் போடவும் மாட்டார். நாளை மறுநாள் ஆணை செத்துவிடும். வேலை போகுமா, தண்டனையோடு நிற்குமா என்று தெரியாது. எதுவானாலும் லீவு எழுதி மேஜையில் வைத்துவிட்டேன். சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன்.

ஸ்டேஷனுக்குக் குட்டியைக் கூட்டி வராதீர்கள். நீங்கள் மட்டும் வாருங்கள், முதலில் உங்கள் முகத்தை நான் பார்க்க வேண்டும். நீங்கள் வரவில்லை என்றால் புரிந்துகொள்வேன். அப்போதும் திரும்பிப் போக மாட்டேன், வீட்டுக்கு எனக்கு வழி தெரியும். பீரோவில் அந்தத் தட்டை மட்டும் நிரப்பிவிடாதீர்கள்.

உங்கள்
அவசரக்குடுக்கை