ஆறாவது அறையின் மீற்றர்

இறக்கக்கண்டி
ஞாயிற்றுக்கிழமை

என் அன்பு மகள் பஸ்னாவுக்கு வாப்பா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்ட காவலில நானும் உம்மாவும் இங்க நல்ல சுகம், கடலும் சுகம், கிணத்துத் தண்ணி மட்டும் வழமை போல உப்பு. நீயும் மருமகன் நஸ்ரியும் மெல்பேர்ணில அப்படியே சுகமா இருக்கோணும் எண்டு ஒவ்வொரு தொழுகையிலயும் கேக்கிறன். ஃபோன் இருக்கக்குள்ள கடிதம் எதுக்கு எண்டு நீ சிரிப்பாய், ஆனா ஃபோனை எடுத்தா உன்ட உம்மா என்ட கையில தாறாவா, நான் சலாம் சொல்ல முதல் பறிச்சுப் போடுவா, பிறகு நீங்க ரெண்டு பேரும் கறியும் புளியும் கதைப்பீங்க, நான் பக்கத்தில வாயைப் பாத்துக்கொண்டு இருப்பன். இந்தக் கதையை முழுசா நான்தான் சொல்லோணும் எண்டு பிடிவாதம் பிடிச்சு, அவவைக் கெஞ்சி வாயை மூட வச்சு எழுதிறன். எங்கட விடுதிக்குப் பச்சைக் கட்டடச் சான்றிதழ் தாறதுக்கு ஆள் வந்து பாத்திட்டுப் போன விசயம் உனக்குத் தெரியும், அண்டைக்கு என்ன நடந்தது எண்டு நாங்க சொல்லயில்ல. முடிவைக் கடைசியிலதான் எழுதுவன், இப்பவே கடைசிப் பக்கத்தைத் திருப்பாத, உன்ட புத்தி எனக்குத் தெரியும்.

முதல்ல ஒண்டு சொல்லோணும் மகள். நீ அங்க இருந்து படம் வரைஞ்சு அனுப்பின நேரம் மேற்குப் பக்கம் ஒரு யன்னல் கூட இல்லாததைப் பாத்து எனக்கு வந்த கோவம் கொஞ்சமில்ல. மேசன்மாரும் இதென்ன அரிசி ஸ்டோரோ எண்டு கேட்டாங்க. அடுத்த வளவு ஹோட்டல்காரர் கலீலுர் றஹ்மான் காக்கா, பச்சைக் கட்டடம் எண்டா பச்சைப் பெயின்ற் அடிச்சா முடிஞ்சுதே பக்கீர், அதுக்கு ஏன் மகளைப் படிக்க வச்சாய் எண்டு தேத்தண்ணிக் கடையில எல்லாருக்கும் முன்னால கேட்டவர். பிறகு யூலையில மேற்கால வாற கச்சான் காத்து நெருப்பை அள்ளிக் கொட்டக்குள்ளதான் விளங்கினது. அவர்ட ஹோட்டல்ல ஏசி இரவு பகலா இரையுது, எங்கட அறைகளுக்க கடல் பக்கத்து யன்னலால காத்து பூந்து, சூட்டையும் இழுத்துக்கொண்டு கூரை உச்சியில நீ விட்ட வாயால வெளிய போகுது. மாரி மழையைப் பிடிச்சு வைக்கிற நிலத்தடித் தாங்கியும் கோடையில எங்களைக் கைவிடயில்ல, ஆக்கள் குளிச்ச தண்ணி வாழைக்குப் போய்க் குலை ஒண்டொண்டும் தூக்க ஏலாத பாரம். இவ்வளவும் இருந்தும் ஒரு வருசத்துக் கரண்டையும் தண்ணியையும் பாத்து, நேரில வந்தும் பரிசோதிச்சாத்தான் சான்றிதழாம். நீ ஒரு நாள் சொன்னது என்ட நெஞ்சுக்கையே கிடந்தது, வாப்பா இது நான் வரைஞ்ச முதல் கட்டடம், நான் இன்னும் கால் வைக்காத கட்டடம், அந்தப் பேப்பரில என்ட பேர் வந்தா நான் ஒருக்கா அங்க வந்து போன மாதிரி இருக்கும் எண்டு சொன்னாய். அதுக்குப் பிறகு அந்தப் பேப்பர் வேணும் எண்டு எனக்கு ஒரே வெறி.

கொழும்பில இருந்து சிவகுருநாதன் எண்டு ஒருத்தர் போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில வந்தவர். உன்ட உம்மா ஜெஸீமா பீவி செஞ்ச வேலையைக் கேள். வெயிலுக்க தூர இருந்து வாற மனிசன், வந்த இடம் குளிரா இருக்கோணும் எண்டு, ஆக்கள் இல்லாத அறைகள்ள எல்லாம் ஏசியைப் போட்டு, பட்டப்பகல்ல லைற் எல்லாத்தையும் எரிய விட்டுட்டா. அதோட நிண்டாவா? பைப் வாயில நீ போடச் சொன்ன சல்லடையால தண்ணி மட்டு மட்டாத்தானே வருது, வந்த மனிசன் கை கழுவக்குள்ள இதுகள் கஞ்சப் பிசினாறிகள் எண்டு நினைச்சிருவார் எண்டு, சல்லடை அத்தனையையும் கழட்டிக் குசினி அலுமாரிக்க ஒளிச்சு வச்சிட்டா. கரண்டையும் தண்ணியையும் மிச்சம் பிடிக்கிறமா எண்டு பாக்க வாற ஆளுக்கு இது உபசாரம்! வருசம் முழுக்க ஒரு பல்ப் சும்மா எரிஞ்சா ஊரைக் கூட்டுற பொம்பிளை இவ. அவர் உள்ள வந்தார், மீன் வாடிக்க ஐஸ் பெட்டி திறந்த மாதிரிக் குளிர். பைப்புக்குக் கீழ அளக்கிற குவளையைப் பிடிச்சார், தண்ணி பாஞ்சு சேட்டெல்லாம் நனைஞ்சிட்டுது. எனக்கு நிலம் பிளந்து உள்ள போனாக் காணும் எண்டு இருக்கு, இவ முந்தானையைச் சரி செஞ்சுகொண்டு குளிர் காணுமோ தம்பி எண்டு கேக்கிறா. அந்த மனிசன் நல்லவர், விழுந்து விழுந்து சிரிச்சார். அம்மா என்னை உபசரிக்காதீங்க, நான் இல்லாத மாதிரி இருங்க எண்டார். வீட்டுக்கு வந்த மனிசரை இல்லாத மாதிரி எப்படி வச்சிருக்கிறது எண்டு உம்மா இண்டைக்கும் கேட்டுக்கொண்டு இருக்கிறா. ஏசியை நிப்பாட்டி, சல்லடைகளைத் திரும்பப் போட்டு, அவர் எல்லாத்தையும் முதல்ல இருந்து அளந்தவர். நண்டும் இறாலும் ஆக்கி வச்சா அவர் வெள்ளிக்கிழமை மரக்கறியாம், உம்மா ஓடிப் போய்ப் பருப்பும் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் ஆக்கினா. நான் ஜும்ஆ முடிஞ்சு வந்து பாத்தா, ஏசியும் இல்ல ஃபேனும் இல்ல, முன் ஹோலில கதிரையில சாஞ்சு மனிசன் நல்ல நித்திரை. எழும்பி வெக்கப்பட்டு என்னவோ எழுதினார். எழுது ராசா எழுது எண்டு மனசுக்க சொன்னன்.

பிறகுதான் வந்தது சோதனை. ஒவ்வொரு அறைக்கும் தனி மீற்றர் வைக்கச் சொன்னாய்தானே, காலையில ஏசி ஓடக்குள்ள அவர் அதுகளைப் பாத்து வச்சிருக்கிறார். அஞ்சு மீற்றர் ஓடுது, ஆறாவது அசையவே இல்ல, போட்ட நாள்ல இருந்து சைபர். இது பழுதோ எண்டு கேட்டார். பழுதில்ல மகள். அது கடல் பக்கத்து மூலை அறை. ஓகஸ்டில நிலாவெளியில இருந்து இங்க வரைக்கும் ஒரு கட்டில் கிடைக்காத சீசனிலயும் உம்மா அந்தச் சாவியை ஒருத்தருக்கும் குடுத்ததில்ல. கிழமைக்கு ஒருக்காக் கூட்டி, விரிப்பு மாத்தி, யன்னலைத் திறந்து வச்சு மூடுவா. அண்டைக்கு எல்லா அறையிலயும் ஏசி போட்டவ அதில மட்டும் கை வைக்கயில்ல பார். உனக்கு இதைச் சொன்னா விசா அலுவல் முடியாம வர ஏலாத கவலையில அங்க இருந்து அழுவாய் எண்டுதான் நாங்க மறைச்சது. சிவகுருநாதன் சொன்னார், ஆறு அறைக்குப் பங்கு போட்டுத்தான் கணக்குக் காட்டியிருக்கிறீங்க, இது வெறும் அறை எண்டா அஞ்சுக்குத்தான் பங்கு போடோணும், அப்ப ஒரு அறைக்குப் போற கரண்டும் தண்ணியும் கூடும், சான்றிதழ் கிடைக்கிறது கஷ்டம் எண்டார். வேடிக்கை பாக்க வந்து நிண்ட கலீலுர் றஹ்மான் காக்கா, மீற்றர் பழுது, ஆக்கள் தங்கினது எண்டு சொல்லு, ஒரு சொல்லுத்தானே எண்டு என்ட காதுக்க ஊதுறார். உன்ட பேருக்காக எனக்கும் நாக்கு நுனி வரைக்கும் வந்திட்டுது. அதுக்குள்ள உம்மா குசினி வாசல்ல நிண்டு சொன்னா, அது என்ட புள்ளட அறை, அதில ஒருத்தரும் படுத்ததில்ல, படுத்தது எண்டு சொல்ல என்னால ஏலாது, பேப்பர் வராட்டி வராமப் போகட்டும், என்ட புள்ள வரைஞ்சது நல்ல வீடு எண்டு எனக்குத் தெரியும் எண்டு. அவர் அஞ்சு எண்டு எழுதிக்கொண்டு போனார்.

நேத்துத் தபாலில வந்துது. கிடைச்சிட்டுது மகள்! மாஷா அல்லாஹ், கிடைச்சிட்டுது! கணக்கு எல்லைக்குக் கீழ ஒரு மயிரிழைதானாம், இருக்கட்டும், மயிரிழையும் பாஸ்தான். அஞ்சு விருந்தினர் அறை, ஒரு குடும்ப அறை எண்டு போட்டிருக்கு, அதுக்குக் கீழ வடிவமைப்பு பஸ்னா பக்கீர் எண்டு இருக்கு. என்ட பேரும் உன்ட பேரோட ஒட்டிக்கொண்டு வந்திட்டுது. அதைத் தேத்தண்ணிக் கடைக்குக் கொண்டு போய் ஒவ்வொரு மேசையிலயும் காட்டினன், வெக்கம் என்ன வெக்கம், பெத்த நான் காட்டாம ஆர் காட்டுறது. கலீலுர் றஹ்மான் காக்கா தன்ட மேற்கு யன்னலை எல்லாம் அடைக்க யோசிக்கிறாராம், மகள்ட நம்பரைத் தா எண்டார். மகள் பிசி, பச்சைப் பெயின்ற் அடிச்சுப் பாருங்க காக்கா எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். உம்மா அந்தப் பேரைத் தடவித் தடவிப் பாத்து, கண்ணாடிச் சட்டம் போட முதலே மூலையைக் கசக்கிப் போட்டா.

குளிருக்க தலை ஈரத்தோட வெளிய போகாத. வேலை வேலை எண்டு பகல் சாப்பாட்டை விடாத. மருமகனுக்கு எங்கட சலாம். உன்ட கைக்கும் அறிவுக்கும் அல்லாஹ் பறக்கத்துச் செய்யட்டும், உங்க ரெண்டு பேருக்கும் நீண்ட ஆயுளைத் தரட்டும். ஒண்டு மட்டும் மறக்காத மகள். பேர் வந்தா வந்து போன மாதிரி எண்டாய், பேர் வந்திட்டுது, ஆனா இங்க ஒருத்தரும் வந்த மாதிரி இல்ல. மூலை அறை மீற்றர் இன்னும் சைபரிலதான் நிக்குது. விசா முடிஞ்ச உடனே வந்து, அந்த ஏசியைப் போட்டு, லைற்றைப் போட்டு, பைப்பைத் திறந்து விட்டுக் குளி. அடுத்த முறை கணக்குப் பாக்கக்குள்ள சான்றிதழைப் பிடுங்கினாலும் பிடுங்கட்டும், அந்த மீற்றர் ஓடுறதை நானும் உம்மாவும் வாசல்ல நிண்டு பாக்கோணும்.

உன்ட வாப்பா
பக்கீர்