பாசி மூடிய வாய்க்கால்

அன்புள்ள தம்பி லோர்கனுக்கு அண்ணி அட்ராக்டா எழுதுவது. புனித பிரிஜித் அன்னை உங்கள் வீட்டுக் கூரையைக் காக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை சதுப்பில் இருந்தவர்கள்: உன் அண்ணன் மலாக்கி, பக்கத்து வீட்டு டின்னி, சதுப்புப் பாதுகாப்பு அலுவலகத்துப் பெண் ஊர்லா, நான். வேறு யாருமில்லை. ஊரார் வேறுவிதமாக எழுதினால் நம்பாதே.

நம் சதுப்பில் அடுப்பெரிக்கும் கரிமண் வெட்டத் தடை வந்தது உனக்குத் தெரியும். பதிலுக்கு வேறு சதுப்பில் இடம் தருகிறார்கள். உங்கள் அப்பா வெட்டும் உரிமையை உங்கள் இருவர் பேருக்கும் எழுதிவிட்டதால் உன் கையெழுத்தும் வேண்டும். உன் அண்ணனோ, "அவன்கிட்ட நான் கேக்கணுமா? அவன் இருக்கிற ஆஸ்திரேலியாவே சிரிக்கும்" என்கிறார். எங்கள் அடுப்பு கரிமண்ணைத் தவிர எதையும் ஏற்காது. நான் போட்ட கணக்கில் கொட்டகையில் இருப்பது அடுத்த குளிருக்குப் பாதிகூட வராது. போன குளிரிலேயே கோட்டோடுதான் ஜெபமாலை சொன்னோம். இவருடைய நெஞ்சுச்சளி இன்னும் போகவில்லை.

அன்று யார் சொல்லியும் கேளாமல் மண்வெட்டியோடு அப்பாவின் வெட்டுமேட்டுக்குக் கிளம்பிவிட்டார். நானும் டின்னியும் பின்னாலேயே ஓடினோம். ஊர்லா அங்கே குனிந்து, ஈயை ஒட்டிப் பிடிக்குமே, அந்தச் சிவப்புப் பனித்துளிச் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்க போகாதீங்க, வாய்க்கால அடைச்சாச்சு, தண்ணி ஏறிடுச்சு!" என்று கத்தினாள்.

"என் காலுக்கு நீ வழி சொல்றியா, பொண்ணே?" என்றார் இவர்.

கால் பழைய வழியில்தான் போனது. சதுப்புதான் பழைய சதுப்பு இல்லை. வாய்க்கால்மேல் பாசி பச்சையாக மூடியிருந்தது. அடுத்த அடியில் இடுப்புவரை போய்விட்டார்.

"ஈ மாதிரி உதறாதடா!" என்றான் டின்னி.

"கதை வேணாம், கதவு கொண்டா!" என்றார் இவர். அந்த நிலையிலும் வாய் மட்டும் அடங்கவில்லை.

கொட்டகைக் கதவைக் கழற்றிவர டின்னி ஓடினான். அதற்குள் சேறு மார்புவரை ஏறிவிட்டது. நான் மாதாவைக் கூப்பிட்டேன். உன் அண்ணன் மாதாவையும் கூப்பிடவில்லை, என்னையும் கூப்பிடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, நீங்கள் சிறுவர்களாய் இங்கே வெட்ட வந்த நாள் திரும்பியது போல, "லோர்கன், பலகையப் போடுடா... பலகையப் போடுடா" என்றார்.

கதவைப் போட்டு மூவருமாக இழுத்து எடுத்தோம். கூப்பிட்டது அவருக்கு நினைவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒரு பூட்ஸ் உள்ளேயே போய்விட்டது. அதை எடுக்கவும் மண் வெட்டவும் மறுபடி போவேன் என்கிறார். கதவு இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது. நான் ஜன்னலை விட்டு நகர்வதில்லை.

மாற்று இடத்துக்கான படிவம் இதோடு இருக்கிறது. உங்கள் சண்டையைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. ஆண்டவர் உன்னையும் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. கையெழுத்துப் போட்டுச் சீக்கிரம் பதில் எழுது, தம்பி.

அண்ணி
அட்ராக்டா